வெண்பன்றியில் கொழுப்பைக் குறைக்கப் புரதத் தீவனம்

மானாவாரி நிலத்தையும் கண்மாய்ப் பாசனத்தையும் நம்பி வாழும் சிவகங்கை மாவட்டத்துச் சிறு உழவர்களுக்கு வெண்பன்றி வளர்ப்பு ஏற்றதொரு துணைத்தொழிலாகும். இதற்குப் பெரிய இடமோ பெரும் முதலோ தேவையில்லை. தாய்ப்பன்றி ஓர் ஈற்றில் எட்டு முதல் பத்துக் குட்டிகள் வரை ஈனும். நன்கு பேணினால் ஏழெட்டு மாதங்களில் குட்டிகள் விற்பனைக்கு வந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களின் உணவு விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் மிஞ்சும் சோற்றைக் கொண்டு தீவனச் செலவையும் குறைத்துக் கொள்ளலாம்.

ஆனால், விற்கும் நாளில்தான் குறை வெளிப்படுகிறது. எடையில் குறைவிராது. அறுத்துப் பார்த்தால் முதுகுத் தோலுக்கடியில் இரண்டு மூன்று விரற்கடைக்குக் கொழுப்பு இருக்கும். கறிக்கு விலையுண்டு, கொழுப்புக்கு இல்லை. ஆகவே, அடுத்த முறை வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். பண்ணையாளரோ இனத்தின் மீதும் எண்ணெய்ப் பண்டங்களின் மீதும் பழியைப் போடுகிறார். இவ்விரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் பெரும்பாலான சிறு பண்ணைகளில் முதன்மையான காரணம் வேறு. தொட்டியில் மாவுச்சத்து மிகுதியாகவும் புரதச்சத்து குறைவாகவும் இருப்பதே அது. இதைச் சரிசெய்யும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

கொழுப்பைத் தின்றால்தான் கொழுப்பு சேரும் என்பது சரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தில் உள்ள ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரே ஈற்றைச் சேர்ந்த பன்றிகளில் ஒன்றைத் தொடக்கத்திலேயே அறுத்து, அதன் உடலில் இருந்த கொழுப்பை அளந்தனர். மற்றொன்றுக்குத் தானியத் தீவனம் கொடுத்துக் கொழுக்க வைத்துப் பின்னர் அளந்தனர். தின்ற தீவனத்தில் இருந்த கொழுப்பைக் காட்டிலும் உடலில் சேர்ந்த கொழுப்பு மிக அதிகமாக இருந்தது. மாவுச்சத்தே உடலில் கொழுப்பாக மாறுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

வளரும் பன்றிக்குத் தீவனத்திலிருந்து எரிசக்தியும் வேண்டும். தசை வளர்க்கும் புரதமும் வேண்டும். புரதம் போதிய அளவு கிடைத்தால் எரிசக்தியின் ஒரு பகுதி தசை வளரச் செலவாகும். புரதம் குறைந்தால் தசை வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். அப்போது எஞ்சிய எரிசக்தியைப் பன்றி வீணாக்குவதில்லை. கொழுப்பாக்கிச் சேமித்துக் கொள்கிறது. வெறும் சோறும் கஞ்சியும் தின்று வளரும் பன்றி உருண்டு திரண்டிருந்தும் கறி குறைந்திருப்பது இதனால்தான்.

இதில் பண இழப்பும் அடங்கியுள்ளது. கொழுப்பில்லாத கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். கொழுப்புத் திசுவில் நீர் மிகக் குறைவு. பெரும்பகுதி வெறும் கொழுப்பே. எனவே ஒரு கிலோ கறி வளரத் தேவைப்படும் தீவனத்தைப் போல மூன்று நான்கு மடங்கு தீவனம் ஒரு கிலோ கொழுப்பு சேர்வதற்குத் தேவைப்படுகிறது. அதாவது, விலைபோகாத பொருளை உற்பத்தி செய்ய நாம் அதிகத் தீவனம் செலவிடுகிறோம்.

புரதத்தின் அளவு மட்டும் போதுமா?

மணிச்சத்தும் சாம்பல்சத்தும் குறைந்த நிலத்தில் தழைச்சத்தை எவ்வளவு இட்டாலும் விளைச்சல் உயராது என்பதை உழவர்கள் அறிவார்கள். எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை வரையறுக்கிறது. பன்றியின் தீவனத்திலும் இதே நியதிதான்.

புரதம் என்பது ஒரே பொருளன்று. அது அமினோ அமிலங்கள் பலவற்றால் ஆனது. இவற்றுள் சிலவற்றைப் பன்றியால் தன் உடலில் உருவாக்கிக் கொள்ள இயலாது. தீவனத்தின் மூலமே கிடைக்க வேண்டும். தானியமும் தவிடும் பிண்ணாக்கும் கலந்த நம் தீவனங்களில் முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்னும் அமினோ அமிலமாகும். லைசின் தீர்ந்துவிட்டால் மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தும் தசை வளர உதவுவதில்லை. அவை சிதைந்து, அவற்றிலுள்ள தழைச்சத்து சிறுநீரில் வெளியேறிவிடும். மீதி எரிசக்தியாகிக் கொழுப்பில்தான் சேரும்.

நம் பகுதியில் எளிதில் கிடைப்பது கடலைப் பிண்ணாக்கு. அதில் புரதம் மிகுதி, லைசின் குறைவு. கீழ்க்காணும் தோராயமான அளவுகளைப் பாருங்கள். முதல் எண் நூறு கிலோவில் உள்ள புரதத்தின் அளவு (கிலோ). இரண்டாவது எண் ஒரு கிலோவில் உள்ள லைசின் அளவு (கிராம்).

கடலைப் பிண்ணாக்கு: 42, 14
சோயா பிண்ணாக்கு: 45, 28
உப்பிடாத கருவாட்டுத்தூள்: 45, 29
எள்ளுப் பிண்ணாக்கு: 40, 10
கொள்ளு: 22, 17
எண்ணெய் நீக்கிய தவிடு: 14, 6
மக்காச்சோளம்: 9, 2.5
அரிசிக் குருணை: 8; 3

கடலைப் பிண்ணாக்கும் சோயா பிண்ணாக்கும் புரதத்தில் ஏறக்குறைய சமமாக இருந்தும், லைசினில் ஒன்று மற்றொன்றின் பாதியாக இருப்பதைக் கவனியுங்கள். மானாவாரியில் விளையும் கொள்ளில் புரதம் பாதியளவே என்றாலும் லைசின் கடலைப் பிண்ணாக்கை விட அதிகம். ஆனால் கொள்ளையும் சோயாவையும் பச்சையாகக் கொடுக்கக்கூடாது. அவற்றில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. வேகவைத்தோ வறுத்தோ கொடுத்தால் அவை அழிந்துவிடும். கடையில் விற்கும் சோயா பிண்ணாக்கு சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டதே.

ஓட்டல் கழிவுக்கு ஏற்ற துணைத்தீவனம்

ஓட்டல் கழிவை மட்டும் நம்பியிருக்கும் பண்ணையாளர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள பன்றி நாளொன்றுக்கு 6 கிலோ மிச்சச் சோறு தின்கிறது எனக் கொள்வோம். அதில் முக்கால் பங்கு நீர். நீர் நீங்கலாக உள்ள உலர்பொருள் 1.5 கிலோ. சோறு மிகுந்த கழிவாயின் அதில் புரதம் ஏறத்தாழ 10 சதவிகிதம்; அதாவது 150 கிராம்.

இந்த எடையில் பன்றிக்கு ஏறத்தாழ 2 கிலோ உலர்தீவனம் வேண்டும். அதில் 16 சதவிகிதம் புரதம் இருக்க வேண்டுமெனில் தேவை 320 கிராம். எனவே நாள்தோறும் 170 கிராம் புரதம் குறைகிறது. வயிறு நிறைகிறது; தசைக்கு வேண்டிய பொருள் பாதிகூடக் கிடைக்கவில்லை.

இக்குறையை நீக்கக் கீழ்க்கண்டவாறு ஒரு துணைத்தீவனம் தயாரித்துக் கொள்ளலாம். 100 கிலோவிற்கு:

கடலைப் பிண்ணாக்கு 40 கிலோ
சோயா பிண்ணாக்கு 25 கிலோ
உப்பிடாத கருவாட்டுத்தூள் 10 கிலோ
எண்ணெய் நீக்கிய தவிடு 20 கிலோ
தாதுஉப்புக் கலவை 5 கிலோ

இக்கலவையில் ஏறத்தாழ 35 சதவிகிதம் புரதம் உள்ளது. நாள்தோறும் 500 கிராம் கொடுத்தால் 175 கிராம் புரதமும் சுமார் 8 கிராம் லைசினும் கிடைக்கும். இதே புரதத்திற்காகக் கடலைப் பிண்ணாக்கை மட்டும் 400 கிராம் கொடுத்தால் கிடைக்கும் லைசின் 6 கிராமுக்கும் குறைவு. சோயாவும் கருவாட்டுத்தூளும் கிடைக்காத இடங்களில், அந்த 400 கிராம் பிண்ணாக்குடன் தீவனக் கடைகளில் விற்கும் லைசின் உப்பை மூன்று முதல் நான்கு கிராம் சேர்த்து இக்குறையைச் சரிசெய்யலாம். தாதுஉப்புக் கலவையைத் தனியே அளந்து கொடுக்க வேண்டும்.

துணைத்தீவனத்தை முதல் வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டி முழு அளவுக்குக் கொண்டு வரவேண்டும். இதைச் சோற்றின் மேல் தூவிவிட்டால் வலிய பன்றிகள் முந்திக்கொண்டு தின்றுவிடும். நன்கு கலந்து, எல்லாப் பன்றிகளும் ஒரே நேரத்தில் தின்னும் அளவுக்கு நீளமான தொட்டியில் இடவேண்டும். ஓட்டல் கழிவில் ஏற்கெனவே உப்பு உண்டு. ஆகவே இதனுடன் தனியாகச் சமையல் உப்புச் சேர்த்தல் கூடாது. உப்பிட்ட கருவாட்டையும் தவிர்க்க வேண்டும். உப்பு மிகுந்து குடிநீர் குறைந்தால் பன்றிக்கு நஞ்சாகிவிடும். எந்நேரமும் நல்ல நீர் கிடைக்கச் செய்வது அவசியம்.

கழிவைக் கொதிக்க வைக்காமல் கொடுக்கவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020ஆம் ஆண்டில் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நுழைந்தது. 2022இல் அண்டை மாநிலமான கேரளத்தின் வயநாட்டில் காணப்பட்டது. பன்றியிறைச்சி கலந்த கழிவின் வழியாக இந்நோய் பரவக்கூடும். நோய் கண்டால் மருந்தில்லை, மந்தையே அழியும். கழிவு முழுவதும் கொதிநிலைக்கு வந்தபின், ஒரு மணி நேரமாவது கிளறிக் கொண்டே கொதிக்க வைக்க வேண்டும். பன்றியிறைச்சி கலந்த கழிவை அறவே ஒதுக்கிவிட வேண்டும். கொதித்த கழிவு ஆறும்போது எண்ணெய் மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்து எடுத்துவிடுங்கள். இது கொழுப்பைக் குறைக்கச் செலவில்லாத வழியாகும்.

தானியக் கலப்புத் தீவனம்

ஓட்டல் கழிவு கிடைக்காத சிற்றூர்களில் முழுக் கலப்புத் தீவனம் கொடுக்க வேண்டியிருக்கும். பால்குடி மறக்கும் குட்டிகளுக்கு 20 சதவிகிதமும், 50 கிலோ எடை வரை 18 சதவிகிதமும், அதன்பின் விற்பனை வரை 16 சதவிகிதமும் புரதம் இருத்தல் நலம். குட்டிகளுக்கான தீவனத்தை வாங்கிக் கொடுப்பதே நல்லது. மற்ற இரண்டையும் 100 கிலோவிற்குக் கீழ்க்கண்டவாறு வீட்டிலேயே கலந்து கொள்ளலாம்.

வளரும் பன்றிக்கு: மக்காச்சோளம் 55, கடலைப் பிண்ணாக்கு 13, சோயா பிண்ணாக்கு 8, கருவாட்டுத்தூள் 5, எண்ணெய் நீக்கிய தவிடு 17, தாதுஉப்புக் கலவை 1.5, உப்பு 0.5 கிலோ.

இறுதி வளர்ச்சிக்கு: மக்காச்சோளம் 52, கடலைப் பிண்ணாக்கு 12, சோயா பிண்ணாக்கு 6, எண்ணெய் நீக்கிய தவிடு 28, தாதுஉப்புக் கலவை 1.5, உப்பு 0.5 கிலோ.

மக்காச்சோளத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கம்பு, கேழ்வரகு, குருணை ஆகியவற்றை விலைக்கேற்பச் சேர்க்கலாம். இறுதித் தீவனத்தில் கருவாட்டுத்தூள் இல்லாததற்குக் காரணம் உண்டு. விற்பனைக்கு முந்தைய வாரங்களில் அதைக் கொடுத்தால் கறியில் மீன்வாடை வீசும். ஓட்டல் கழிவுக்கான துணைத்தீவனத்திலும் கடைசி ஒரு மாதத்திற்குக் கருவாட்டுத்தூளை நீக்கி, அதே அளவு சோயா பிண்ணாக்கைச் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

கடலைப் பிண்ணாக்கு வாங்கும்போது பூசணம் உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்ட பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் பூசண நச்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுத்து வளர்ச்சியைக் குன்றச் செய்யும். பூசண நச்சு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். மொத்தமாக வாங்குவோர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்கும் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்திற்கு மாதிரி அனுப்பிச் சோதித்துக் கொள்ளலாம்.

கொழுப்பின் தன்மையும் தீவனமும்

கொழுப்பின் அளவைப் போலவே அதன் தன்மையும் தீவனத்தைப் பொறுத்தது. மாடும் ஆடும் அசைபோடுபவை. அவற்றின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தீவன எண்ணெயை மாற்றிக் கெட்டியாக்கிவிடுகின்றன. பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு. தின்ற எண்ணெய் பெரிதும் மாறாமலே உடற்கொழுப்பில் படிகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த எல்லிஸ், இஸ்பெல் ஆகியோர் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளில், நிலக்கடலை தின்ற பன்றிகளின் கொழுப்பு இளகி எண்ணெய்ப் பதமாக இருந்ததைக் காட்டினர்.

கடலை விளையும் நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். அறுவடைக்குப் பின் நிலத்தில் தங்கிய கடலையைப் பன்றிகள் பொறுக்கித் தின்பதில் தவறில்லை. விற்பனைக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அதைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் நீக்காத பச்சைத் தவிட்டில் 15 சதவிகிதம் அளவுக்கு எண்ணெய் உண்டு. அதைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் கொழுப்பு இளகும். கறி விரைவில் சிக்குவாடை அடிக்கும். பச்சைத் தவிடு சில நாட்களிலேயே காறிப்போகும் என்பதால் அவ்வப்போது வாங்கிப் பயன்படுத்துங்கள். செக்குப் பிண்ணாக்கில் ஏழெட்டு சதவிகிதம் எண்ணெய் தங்கியிருக்கும். எண்ணெய் முழுதும் பிரித்தெடுத்த பிண்ணாக்கே இறுதித் தீவனத்திற்கு ஏற்றது.

சத்துப்பொடிகள் கொழுப்பைக் கரைக்குமா?

கொழுப்பைக் கரைக்கும் என்று கூறிப் பலவகைச் சத்துப்பொடிகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் குரோமியம், பீட்டைன், கார்னிட்டின் ஆகியவை பல நாடுகளில் ஆராயப்பட்டவை. சில ஆய்வுகளில் முதுகுக் கொழுப்பு சிறிதளவு குறைந்தது. வேறு சிலவற்றில் மாற்றம் ஏதும் காணப்படவில்லை. புரதமும் லைசினும் சரியாக உள்ள தீவனத்தின் மேல் சேர்த்துப் பார்க்க வேண்டியவை இவை. புரதக் குறையை இவற்றால் ஈடுசெய்ய முடியாது. பொடிக்குச் செலவிடும் பணத்தை முதலில் பிண்ணாக்குக்குச் செலவிடுங்கள்.

ராக்டோபமைன் என்னும் மருந்து கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டுவது உண்மை. அமெரிக்கா 1999இல் இதைப் பன்றிக்கு அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் உண்பவர் நலனைக் கருதி இதைத் தடை செய்துள்ளன. பெயர்ச்சீட்டு இல்லாத பொடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அசோலா நல்ல பசுந்தீவனமே. உலர்ந்த அசோலாவில் 20 சதவிகிதத்திற்கு மேல் புரதம் உண்டு. ஆனால் பச்சை அசோலாவில் 90 சதவிகிதத்திற்கு மேல் நீர். ஒரு கிலோ பச்சை அசோலா கொடுத்தால் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 15 கிராம்தான். முன்னே கண்ட 170 கிராம் குறையை அதனால் மட்டும் நிரப்ப இயலாது என்பதை இப்போது நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

லைசின் உப்பு மட்டும் பயன் உறுதியான ஒன்று. கடலைப் பிண்ணாக்கை மட்டும் நம்பிய 100 கிலோ கலப்புத் தீவனத்திற்கு 200 கிராம் சேர்க்கலாம். அதை நேராகக் கொட்டிக் கலந்தால் ஓரிடத்தில் தங்கிவிடும். முதலில் ஒரு கிலோ தவிட்டில் நன்கு கலந்து, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, பின்னர் முழுத் தீவனத்தில் கலக்க வேண்டும்.

புரதம் மிகுந்தால் என்ன ஆகும்?

புரதம் நல்லது என்பதால் அளவின்றிக் கொடுத்தலும் கூடாது. தேவைக்கு மேற்பட்ட புரதம் தசையாவதில்லை. அது சிதைந்து தழைச்சத்தாகச் சிறுநீரில் கழிகிறது. கொட்டிலில் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். தீவனத்தில் விலையுயர்ந்த பொருள் புரதமே என்பதால் இது பணத்தைக் கழுவி விடுவதற்கு ஒப்பாகும்.

வயதும் எடையும்

இளம் பன்றியில் தசை வேகமாக வளரும். வயது ஏற ஏறக் கொழுப்புச் சேர்வது மிகும். ஆகவே குட்டிப் பருவத்திலும் வளரும் பருவத்திலும் புரதக் குறை நேர்ந்தால் பின்னர் ஈடுசெய்வது கடினம். காயடித்த ஆண் பன்றி பெண் பன்றியைக் காட்டிலும் விரைவில் கொழுக்கும்; இயன்றால் இரண்டையும் பிரித்து வளர்த்து, 60 கிலோவிற்கு மேல் ஆண்களுக்குச் சோற்றின் அளவைச் சிறிது குறைக்கலாம். 90 கிலோவைத் தாண்டியும் விலைக்காகக் காத்திருந்தால் கூடும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகவே இருக்கும்.

இனமும் முக்கியம். நாட்டுப்பன்றி சிறிய எடையிலேயே கொழுக்கும் இயல்புடையது. பெரிய வெள்ளை யார்க்ஷயர் இனத்தில் தசை மிகுதி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் உருவாக்கிய கே.பி.எம். கோல்டு என்னும் கலப்பினத்தில் 75 சதவிகிதம் யார்க்ஷயரும் 25 சதவிகிதம் நாட்டினமும் கலந்துள்ளன. ஆனால் எத்தனை உயர்ந்த இனமாயினும் வெறும் சோற்றில் வளர்ந்தால் கொழுக்கவே செய்யும்.

உங்கள் பண்ணையிலேயே சோதித்துப் பாருங்கள்

மேற்கூறியவற்றை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ராத்தம்ஸ்டெட்டில் செய்தது போல ஒரே ஈற்றைச் சேர்ந்த குட்டிகளைக் கொண்டு சோதிக்கலாம். ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள எட்டுக் குட்டிகளை, ஆணும் பெண்ணும் சமமாக வருமாறு, நான்கு நான்காகப் பிரியுங்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓட்டல் கழிவு. மற்றொன்றுக்கு அதே கழிவுடன் துணைத்தீவனம். தொடக்கத்தில் பன்றி ஒன்றுக்கு 250 கிராம் கொடுத்து, 50 கிலோ எடை வரும்போது 500 கிராமாக உயர்த்துங்கள். இரு பிரிவுக்கும் ஆகும் செலவைத் தனித்தனியே குறித்து வாருங்கள்.

தராசு இல்லாதவர்கள் அளவுநாடாவால் எடையைக் கணிக்கலாம். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவையும், இரு காதுகளுக்கு இடையிலிருந்து வாலின் அடி வரை நீளத்தையும் மீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பின் 69.3 ஆலும் பெருக்கினால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 0.95 மீட்டர், நீளம் 0.90 மீட்டர் எனில் எடை ஏறத்தாழ 56 கிலோ. மாதம் ஒரு முறை, காலையில் தீவனம் வைப்பதற்கு முன் அளப்பது நல்லது.

விற்பனையின்போது கடைசி விலா எலும்புக்கு நேராக, முதுகுக் கொழுப்பின் தடிப்பை அளவுகோலால் அளந்து தருமாறு இறைச்சிக் கடைக்காரரிடம் கேளுங்கள். இரு பிரிவின் தடிப்பையும், விற்பனை எடையை எட்ட ஆன நாட்களையும், தீவனச் செலவையும், கிடைத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் துணைத்தீவனம் உங்களுக்குக் கட்டுபடியாகுமா என்பது தெரிந்துவிடும். பிண்ணாக்கின் விலை ஊருக்கு ஊர், பருவத்திற்குப் பருவம் மாறும். ஆதலால் இக்கணக்கை உங்களுக்காக வேறொருவர் போட்டுத்தர இயலாது.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. சோறும் தானியமும் மட்டும் கொழுப்பையே பெருக்கும்; புரதம் சேர்ந்தால்தான் கறி பெருகும்.
2. புரதத்துடன் லைசின் அளவையும் பாருங்கள். கடலைப் பிண்ணாக்குடன் சோயா, கருவாட்டுத்தூள், கொள்ளு ஆகியவற்றில் ஒன்றையேனும் சேர்த்திடுக.
3. ஓட்டல் கழிவைக் கொதிக்க வைத்து, மிதக்கும் எண்ணெயை நீக்கிக் கொடுக்கவும்.
4. விற்பனைக்கு முன் கடைசி இரண்டு மாதங்கள் கடலையையும் பச்சைத் தவிட்டையும், கடைசி ஒரு மாதம் கருவாட்டுத்தூளையும் தவிர்க்கவும்.
5. 90 கிலோ எடைக்குள் விற்றுவிடுவது நலம்.

மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரையோ குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். செல்லும்போது உங்கள் தீவனப் பொருள்களின் பட்டியலையும் அவற்றின் விலையையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஏற்றதொரு கலவையை அமைத்துக் கொள்ள அது உதவும்.